உங்களுக்குத் தெரியுமா? வலியை அடக்கும் கசகசாச் செடி!

விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றுகிறார்களே, அதில் அரைத்துச் சேர்க்கும் கசகசா எந்தச் செடியின் விதை தெரியுமா? புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் எந்தச் செடியிலிருந்து வருகிறதோ, அதே அபினிச் செடியின் விதை! நாரணாபுரத்து அம்மிக்கும் ஆஸ்பத்திரி வார்டுக்கும் ஒரே செடி!

பயந்து பரோட்டாவைத் தள்ளி வைத்துவிடாதீர்கள்! மருந்து இருப்பது பச்சைக் காயில் வடியும் பாலில். விதையில் ஒட்டியிருப்பது துளியிலும் துளி!

அந்தத் துளியே ஆளை மாட்டிவிட்டிருக்கிறது! கசகசா தூவிய பன்னைத் தின்றவர்கள் அமெரிக்காவில் போதைப் பரிசோதனையில் சிக்கினார்கள். வேறு வழியில்லாமல் 1998-இல் வரம்பையே உயர்த்தினார்கள். சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் என்றிருந்தது ஒரே தாவலில் 2,000 ஆனது!

துபாயில் இருக்கும் மச்சானுக்கு மசாலாப் பொட்டலம் கொடுத்தனுப்பப் போகிறீர்களா? கசகசாவை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். கையில் வைத்திருந்தால் ஜெயில்!

வயலுக்குப் போவோமா?

சட்டப்படி அபினியை அபினியாகவே ஏற்றுமதி செய்யும் நாடு உலகத்தில் எத்தனை? ஒன்றே ஒன்று. இந்தியா!

எல்லா ஊரிலும் விதைத்துவிட முடியாது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், இந்த மூன்றே மாநிலம்தான். அதிலும் குறிப்பிட்ட பகுதிகள்தான். 2023-24 பருவத்தில் லைசென்ஸுக்குத் தகுதி பெற்ற விவசாயிகள் சுமார் 1,12,000 பேர்!

ஒருவருக்கு அனுமதிக்கும் நிலம் எவ்வளவு? 0.10 ஹெக்டேர். நம் கணக்கில் கால் ஏக்கர்கூட நிறையாது!

மகசூலை மூட்டையில் அளப்பதில்லை, மார்ஃபினில் அளக்கிறார்கள்! காயைக் கீறிப் பால் எடுக்கும் விவசாயி ஹெக்டேருக்கு 4.2 கிலோ மார்ஃபின் கணக்குக் காட்டினால்தான் அந்த முறையிலேயே தொடரலாம்!

சிவகாசிக்காரர்களுக்கு லைசென்ஸ் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டாம். வெடிபொருளைக் கண்காணிக்கும் மத்திய அலுவலகத்தின் தலைமையகம் நாக்பூரில். அபினியைக் கண்காணிக்கும் மத்திய அலுவலகத்தின் தலைமையகம் குவாலியரில்!

மதியம் காயைக் கீறுவார்கள். ராத்திரி முழுக்கப் பால் வடிந்து உறையும். விடிந்ததும் வழித்தெடுப்பார்கள். அந்தக் கறுப்புப் பிசினில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுத்தமான மார்ஃபின்!

அதை விவசாயியிடம் வாங்குவது இந்திய அரசு. பக்குவப்படுத்த அரசுக்குச் சொந்த ஆலையே உண்டு. உத்தரப் பிரதேசத்துக் காஜிப்பூர் ஆலைக்கு வயது என்ன தெரியுமா? தொடங்கியது 1820-இல். இருநூறைத் தாண்டிவிட்டது!

காஜிப்பூர் ஆலைக்கு வேலையாட்கள் மட்டுமா வருகிறார்கள்? குரங்குகளும்தான்! கழிவுநீரைக் குடித்துவிட்டு மதில்மேல் கிறங்கிக் கிடக்கும் குரங்குகளைப் பற்றிப் பத்திரிகைகள் எத்தனையோ தடவை எழுதிவிட்டன!

இதைக் கேளுங்கள், என் கையில் சிக்கியதிலேயே அருமையான சேதி! மத்தியப் பிரதேசத்து நீமுச்சில் கிளிகள் அபினிக் காய்க்கு அடிமையாகிவிட்டன. ஒரு நாளைக்கு 30, 40 தடவை வந்து கொத்துகின்றன என்று 2019-இல் ஒரு விவசாயி புலம்பினார். கத்திப் பார்த்தார்கள். பட்டாசு வெடித்தும் பார்த்தார்கள். கிளிகள் அசையவே இல்லை! எந்த ஊர்ப் பட்டாசோ!

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் கங்காருவின் குட்டித் தம்பி வாலபி. அபினி வயலில் மேய்ந்துவிட்டு வட்டம் வட்டமாகச் சுற்றுகிறது, பயிரில் வட்டக் கோலம் விழுகிறது! சொன்னது யார்? 2009-இல் அந்த மாநிலத்தின் அரசுத் தலைமை வழக்கறிஞரே சொன்னார்!

கண்டுபிடித்தவர் கதை!

மார்ஃபினை முதலில் பிரித்தெடுத்தவர் பெரிய விஞ்ஞானியா? இல்லவே இல்லை! ஜெர்மனியின் பாடர்போர்ன் ஊரில் ஒரு மருந்துக்கடை உதவியாளர், ஃபிரெட்ரிக் செர்ட்யூர்னர். அப்போது அவருக்கு வயது 21 இருக்கும்!

மருந்து வேலை செய்கிறதா என்று யாரிடம் சோதித்தார்? தன்னிடமே! கூட மூன்று பையன்கள். அளவு மிஞ்சிப் போனதும் எல்லோரும் காட்டமான வினிகரைக் குடித்து வாந்தி எடுத்துத் தப்பித்தார்கள். விவரத்தை 1817-இல் அச்சிலும் வெளியிட்டார்!

மார்ஃபினை வியாபாரத்துக்குக் கொண்டுவந்த குடும்பம் எது? மெர்க்! டார்ம்ஸ்டாட் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர்கள் 1827-இல் மார்ஃபின் விற்கத் தொடங்கினார்கள். இன்று உலகத்துக்கே தெரிந்த மருந்து நிறுவனம்!

தோலுக்கடியில் மருந்தேற்றும் ஊசியை 1853-இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட் கையிலெடுத்தார். எதற்கு? மார்ஃபினைச் செலுத்தி நரம்பு வலியைத் தணிக்கத்தான்!

பிரித்தெடுத்துவிட்டார்கள், சரி. அதன் வடிவம் பிடிபட எவ்வளவு காலம் ஆனது? 1925-இல்தான் ராபர்ட் ராபின்சன் சரியாகச் சொன்னார். ஏறக்குறைய 120 வருடம்! 1947-இல் அவருக்கு நோபல் பரிசு!

1952-இல் மார்ஷல் கேட்ஸ் ஆய்வகத்திலேயே மார்ஃபினைச் செய்து காட்டிவிட்டார். அப்படியானால் வயல் எதற்கு? ஆய்வகத்தில் செய்தால் கட்டுப்படியாகாது. இன்றைக்கும் செடிதான் ஜெயிக்கிறது!

2015-இல் இன்னொரு முயற்சி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஈஸ்டுக்குச் சர்க்கரை கொடுத்து வலி மருந்து செய்ய வைத்தார்கள்! ஆனால் ஒரே ஒரு வேளை மருந்துக்கு எவ்வளவு ஈஸ்டுக் கரைசல் வேண்டும் தெரியுமா? 4,400 காலன்!

1898-இல் பேயர் கம்பெனி ஒரு இருமல் மருந்தைக் கடைக்கு அனுப்பியது. மார்ஃபினிலிருந்து செய்த மருந்து. பெயர்? ஹெராயின்! அதே பொருளை இன்றும் பிரிட்டனில் டையமார்ஃபின் என்ற பெயரில் டாக்டர்கள் வலிக்கு எழுதித் தருகிறார்கள்!

உடம்புக்குள் எட்டிப் பாருங்கள்!

மார்ஃபின் நோயைத் தொடுவதில்லை! வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் மறிக்கிறது. சரவெடியின் திரியை நடுவில் நறுக்கிவிடுகிற மாதிரி!

மார்ஃபின் போய் உட்காரும் இடம் நம் மூளையிலேயே தயாராக இருக்கிறது! 1973-இல் அதைக் காட்டிய கேண்டஸ் பெர்ட் அப்போது ஒரு மாணவி!

செடியின் சாறுக்கு நம் மூளையில் எதற்கு இடம்? இரண்டே வருடத்தில் விடை கிடைத்தது. நம் உடம்பே மார்ஃபின் மாதிரி வேலை செய்யும் பொருளைச் சுரக்கிறது! 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்சும் கண்டுபிடித்தார்கள். எதிலிருந்து? பன்றி மூளையிலிருந்து!

கோடீன் என்று ஒரு வலி மாத்திரை. அது உள்ளே போனதும் கல்லீரல் அதில் கொஞ்சத்தை மார்ஃபினாக மாற்றிவிடுகிறது. பிறவியிலேயே அப்படி மாற்றும் நொதி வேலை செய்யாதவர்களும் உண்டு. அவர்களுக்குக் கோடீன் எத்தனை போட்டாலும் வலி அடங்குவது கஷ்டம்!

புற்றுநோய் முற்றியவர்களில் எத்தனை பேருக்கு வலி? 2016-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வின் கணக்கு 66 சதவீதம். நூற்றுக்கு அறுபத்தாறு பேர்!

அந்த வலியை அடக்க உலக சுகாதார நிறுவனம் 1986-இல் ஓர் ஏணி போட்டது. மூன்றே படி! முதல் படியில் பாராசிட்டமால். இரண்டாவதில் கோடீன் வகை. மூன்றாவதில் மார்ஃபின். வலி கடுமையென்றால் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேரே மூன்றாவதில் ஏறலாம்!

வலிக்கும்போது மாத்திரை போடுவதா? தப்பு! புற்றுநோய் வலிக்குக் கடிகாரம்தான் எஜமான். சாதாரண மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒன்று. மெதுவாகக் கரையும் மாத்திரை 12 மணி நேரத்துக்கு ஒன்று. வலி வருவதற்கு முன்பே மருந்து உள்ளே போய்விட வேண்டும்!

அந்த 12 மணி நேர மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள்! அரை நாள் மருந்து ஒரே மூச்சில் உள்ளே இறங்கிவிடும். ஆபத்து!

பாராசிட்டமாலுக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று உச்ச அளவு உண்டு. மார்ஃபினுக்கு அப்படி ஒரே உச்ச அளவு கிடையாது! டாக்டர் வலியைப் பார்த்துப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுவார். ஒருவருக்கு 5 மில்லிகிராம், இன்னொருவருக்கு 100!

மார்ஃபின் தொடங்கியதும் குமட்டும், தூக்கம் தள்ளும். சில நாளில் இரண்டும் பழகிவிடும். பழகவே பழகாத ஒன்று உண்டு. மலச்சிக்கல்! அதனால்தான் விவரம் தெரிந்த டாக்டர் மார்ஃபின் எழுதும்போதே மலமிளக்கியும் சேர்த்து எழுதிவிடுவார்!

மாத்திரை விழுங்க முடியவில்லையா? தோலில் ஒட்டும் பட்டை இருக்கிறது! அதில் இருப்பது ஃபென்டனில், 1960-இல் பெல்ஜியத்தின் பால் ஜான்சன் உருவாக்கிய மருந்து. மார்ஃபினைவிட வீரியம் 100 மடங்கு! மணிக்கு 25 மைக்ரோகிராம் விடும் பட்டை 72 மணி நேரத்தில் உள்ளே விடுவது மொத்தம் 1.8 மில்லிகிராம்தான்!

பட்டைக்குச் சூடு ஆகாது! வெந்நீர்ப் பையை மேலே வைத்தால் மருந்து வேகமாக இறங்கிவிடும். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்!

மூச்சுத் திணறலுக்கும் மார்ஃபின் கொடுப்பார்கள். நம்ப முடிகிறதா? கொஞ்சமாகக் கொடுத்தால் திணறல் உணர்வே தணிகிறது! கடுமையான தீக்காயத்துக்கும் இதே மருந்துதான்!

மார்ஃபினைவிட 1,000 மடங்கு வீரியம் என்று சொல்லப்படும் வலி மருந்து எங்கே கிடைத்தது? கூம்பு நத்தை என்ற கடல் நத்தையின் விஷத்தில்! பெயர் சிகோனோடைடு. 2004-இல் அமெரிக்கா அனுமதித்தது. முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள திரவத்தில்தான் செலுத்த வேண்டும். அந்தக் கூம்பு நத்தையின் பங்காளிகள் நம் மன்னார் வளைகுடாவிலும் ஊர்கின்றன!

புற்று எலும்புக்குப் பரவி வலிக்கிறதா? பல பேருக்கு ஒரே ஒரு தடவை கொடுக்கும் கதிர்வீச்சே வலியைக் குறைத்துவிடுகிறது. ஒரே தடவை!

புற்றுப்புண் நாற்றத்துக்கு விலை உயர்ந்த மருந்து தேட வேண்டாம். வயிற்றுக் கடுப்புக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து, நர்ஸ் புண்ணின் மேல் தூவுகிறார். நாற்றம் அடங்கிப் போகிறது! மேலே சுற்றும் கட்டுத் துணிக்குப் பேர்போன ஊர் எது? நம் மாவட்டத்து ராஜபாளையம் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டி!

வலி ஆதரவு சிகிச்சை என்றால் கடைசி நாளுக்கு என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்திலேயே ஆதரவு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் வாழ்ந்தது 11.6 மாதம். சேராதவர்கள் 8.9 மாதம். 2010-இல் வெளியான கணக்கு. வலியைக் கவனித்தால் ஆயுளே கூடியது!

ஜன்னலும் கலர்த் தண்ணீரும்!

லண்டனில் 1948-இல் புற்றுநோயால் இறந்த டேவிட் டாஸ்மா ஒரு ஓட்டல் சர்வர். தன்னைப் பார்த்துக்கொண்ட சிசிலி சாண்டர்ஸுக்கு 500 பவுண்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். எதற்கு? நோயாளிகளுக்காக அவர் கட்டப் போகும் இல்லத்தில் ஒரு ஜன்னல் வைக்க! ஜன்னலைச் சுற்றிக் கட்டடம் எழும்ப 19 வருடம் ஆனது. 1967-இல் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம்தான் உலகமெங்கும் இத்தகைய இல்லங்களுக்கு முன்மாதிரி!

சிசிலி முதலில் நர்ஸ். பிறகு ஆஸ்பத்திரி சமூக சேவகி. வலியைத் தீர்க்க வேண்டுமானால் டாக்டராக வேண்டும் என்றார்கள். நாற்பதை நெருங்கும்போது டாக்டரும் ஆனார்!

அந்தக் காலத்து லண்டன் வலி மருந்தில் என்னென்ன கலந்தார்கள்? மார்ஃபின் அல்லது ஹெராயின், கொக்கெய்ன், தேன், கூடவே ஜின் சாராயம்! பெயர் பிராம்டன் கலவை. 1970-களில் சோதித்துப் பார்த்தால் வெறும் மார்ஃபினே போதும் என்று தெரிந்தது. மற்றதெல்லாம் வீண்!

உகாண்டாவில் மார்ஃபின் கலர் கலராகக் கிடைக்கிறது! மார்ஃபின் பொடி, தண்ணீர், கெடாமல் காக்கும் மருந்து, அடையாளத்துக்குச் சமையல் கலர், அவ்வளவுதான் செய்முறை! வீரியத்துக்குத் தக்கபடி கலர் மாறும். 1993-இல் அங்கே இல்லம் தொடங்கிய டாக்டர் ஆன் மெரிமன் பரப்பிய முறை!

அதே உகாண்டாவில் 2004-இல் இருந்து பயிற்சி பெற்ற நர்ஸே மார்ஃபின் எழுதித் தரலாம். உலகத்திலேயே முதல் நாடு!

1986-இல் ஜெனீவாவில் வலி ஏணி வெளிவந்ததே, அதே வருடம்தான் மும்பையில் இந்தியாவின் முதல் ஆதரவு இல்லம் சாந்தி அவேத்னா சதன் திறந்தது!

1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் ஒரு சின்ன வலி கிளினிக் தொடங்கினார்கள். 15 வருடத்தில், 2008-இல், ஆதரவு சிகிச்சைக்கென்று கேரள அரசே கொள்கை வெளியிட்டது. இந்தியாவில் முதல் மாநிலம்! டாக்டருக்கு 2018-இல் பத்மஸ்ரீ!

நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் எத்தனை படுக்கையுடன் தொடங்கியது? வெறும் 12! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923-இல். அந்த வைராக்கியம் கட்டடமாக 31 வருடம்!

2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரைக்கு மட்டும்தான் என்று நினைத்தீர்களா? படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தருவதும் அந்தத் திட்டத்திலேயே அடக்கம்!

சட்டம் போட்ட பூட்டு!

விருதுநகர் மாவட்டம் பிறந்தது 1985. அப்போது பெயர் காமராசர் மாவட்டம். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பிறந்ததும் அதே 1985!

கடத்தல்காரனைப் பிடிக்கப் போட்ட சட்டத்தில் மாட்டிக்கொண்டது யார்? நோயாளி! லைசென்ஸ் மேல் லைசென்ஸ். மருந்துக்கடைக்காரர்கள் மார்ஃபினே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். 1997-க்குள் நாட்டின் மார்ஃபின் உபயோகம் 97 சதவீதம் சரிந்தது. அந்த ஒரு வருடத்துக்கு இந்தியா முழுமைக்கும் 18 கிலோ!

2014 பிப்ரவரியில் பூட்டு திறந்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. நாலைந்து லைசென்ஸுக்குப் பதிலாக, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு ஒரே அனுமதி! மார்ஃபின், கோடீன், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன். அத்தியாவசியப் பட்டியலில் மொத்தம் ஆறு!

உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலைப் போட்டது 1977-இல். அதிலேயே மார்ஃபின் இருந்தது. உலகம் அவசியம் என்றது, நாம் எட்டு வருடம் கழித்துப் பூட்டினோம்!

மார்ஃபின் ஆளை அடிமையாக்கிவிடுமே என்கிறீர்களா? மார்ஃபின் கண்டபடி கொடுக்கும் மருந்து அல்ல. டாக்டர் அளந்து கொடுத்துக் கவனித்து வரும் புற்றுநோயாளி வலிக்காக மருந்தைக் கேட்பது போதை அல்ல!

அளவில்லாமல் கொடுத்தால்? அதற்கு அமெரிக்காவே சாட்சி! 1980-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த சின்னக் கடிதம். மொத்தம் 5 வாக்கியம். ஆஸ்பத்திரியில் மருந்து பெற்ற 11,882 பேரில் அடிமையானவர் நாலே பேர் என்றது. ஐந்து வாக்கியத்தை எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டின? 608! அந்தத் தெம்பில் முதுகுவலிக்கெல்லாம் மாத்திரையை வாரி இறைத்தார்கள். 2007-இல் ஆக்ஸிகான்டின் மாத்திரைக் கம்பெனித் தரப்பு குற்றத்தை ஒப்புக்கொண்டது. கட்டிய தொகை 60 கோடி டாலருக்கு மேல்!

கணக்கு சொல்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

2017-இல் லான்செட் இதழின் குழு ஒன்று உலகத்தின் வலி மருந்தையெல்லாம் மார்ஃபின் கணக்கில் எடை போட்டது. வருடத்துக்கு 298.5 டன். அதில் ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன். வெறும் 100 கிலோ!

அந்தக் கணக்கில் அமெரிக்காவுக்குக் கிடைத்தது தேவையைப் போல 31 மடங்கு! மெக்சிகோவுக்குத் தேவையில் 36 சதவீதம். சீனாவுக்கு 16. உகாண்டாவுக்கு 11. அபினி விளைவித்து உலகத்துக்கே அனுப்பும் இந்தியாவுக்கு? வெறும் 4 சதவீதம்!

நைஜீரியா இன்னும் மோசம். 0.2 சதவீதம்!

உலகத்தில் வருடத்துக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு ஆதரவு சிகிச்சை தேவை. கிடைப்பது நூற்றில் 14 பேருக்கு!

ஏழை நாடுகளில் வலியில் துடிக்கும் அத்தனை குழந்தைகளுக்கும் வலி மருந்து வாங்க வருடத்துக்கு எவ்வளவு வேண்டும்? 10 லட்சம் டாலர் போதும் என்றது அதே லான்செட் குழு. நம் பணத்தில் பத்துக் கோடி ரூபாய்கூட வராது!

உலகம் முழுக்க இருக்கும் பற்றாக்குறையை மலிவு விலையில் வாங்கி அடைத்துவிட வருடத்துக்கு 14.5 கோடி டாலர். 2022 டாலர் மதிப்பில் சுமார் 1,200 கோடி ரூபாய். 2022 தீபாவளிக்கு நாட்டில் விற்ற பட்டாசின் மதிப்பு எவ்வளவு என்று நம் உற்பத்தியாளர்கள் சொன்னார்கள் தெரியுமா? 6,000 கோடி! ஒரே ஒரு தீபாவளிப் பட்டாசுக் காசில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால், உலகத்துக்கே ஒரு வருட வலி மருந்து!